மாமனார் போட்ட பூட்டு

"இந்தக் காலத்துல சொந்தக் காசை எடுக்கவே ஊரான் கடையில உக்கார வேண்டியிருக்கு," என்று லேப்டாப் ரிப்பேர் கடையில் மாமனார் முனகினார். மருமகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடு வாங்கச் சேர்த்ததெல்லாம் பிட்காயினாக அந்தப் பழைய லேப்டாப்பில் கிடந்தது. யாரையும் நம்பாத மனுஷனிடம் இருந்தால் பத்திரம் என்று, தன் மறதிக்குப் பயந்து, ஏழு வருஷம் முன்பே கடவுச்சொல்லை மாமனாரிடம் சொல்லி வைத்திருந்தான். பயந்தபடியே இப்போது அவனுக்கு அது சுத்தமாக மறந்து போயிருந்தது.

செத்துக் கிடந்த லேப்டாப்புக்கு மெக்கானிக் ஒருவழியாக உயிர் கொடுத்தான். "கடவுச்சொல்லைச் சொல்லுங்க பெரியவரே. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"என் பழைய லாரி நம்பர். பின்னாடியே என் மாமியார் பேரு."

திறக்கவில்லை. சின்ன எழுத்து, பெரிய எழுத்து, நடுவில் இடம் விட்டு, விடாமல் என்று ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு மெக்கானிக் கையை விரித்தான்.

தெருவுக்கு வந்ததும் மருமகன் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "எல்லாம் போச்சா மாமா? உங்க பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

"ஒண்ணும் போகல. லேப்டாப் ஓடணும், ஓடிருச்சு. முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட நிஜத்தைச் சொல்ல எனக்கென்ன கிறுக்கா?"

மருமகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ நிஜமானதை என்கிட்ட சொல்லுங்க மாமா."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மெக்கானிக்கை நல்லவன்னு சொல்லி என்னைக் கூட்டிட்டு வந்தது நீங்கதானே மாப்ள?"

லேப்டாப்பையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர்பாட்டுக்கு நடையைக் கட்டினார்.