திரைக்கு இந்தப் பக்கம் ராஜா

“அந்த எடத்த இன்னொருவாட்டி போடுப்பா” என்று மகள் வெண்ணிலா கேட்டதும் தங்கவேலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் தடவினார். அவளே வாங்கிப் பின்னால் ஓட்டினாள்.

டிவியில் ஓடிக்கொண்டிருந்தது தேசிங்கு ராஜா இசை நாடகம். பூரணாங்குப்பத்துத் திருவிழாவில் மேடையேறியதை யாரோ வீடியோ எடுத்து யூடியூபில் போட்டிருந்தார்கள். கிரீடமும் மீசையுமாக ராஜா வேஷத்தில் நின்ற கலைவேந்தன்தான் தங்கவேல் மகளுக்குப் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை.

பாகூரில் கரும்பு போடும் தங்கவேலுக்கு இவள் ஒரே பெண். அவளோ வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தன் அவளைப் பேசவே விடவில்லையாம், இன்னொருத்தன் வாயே திறக்கவில்லையாம். இதுவும் கைநழுவினால் பெண் இப்படியே நின்றுவிடுவாளோ என்ற கவலையில் மனுஷனுக்குத் தூக்கமே போயிருந்தது.

நாளைக்கு ஆடி பிறக்கிறது. பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. அதனால் இன்றைக்கே பதில் சொல்லும்படி மாப்பிள்ளையின் மாமா உலகநாதன் கேட்டிருந்தார்.

“வெளியூர் செட்டு யாரும் கெடையாதுங்க, எல்லா வேஷமும் நம்ம ஊரு பசங்களே கட்டுனது. பொண்ணுக்குப் போட்டுக் காட்டுங்க” என்று பெருமை பொங்க லிங்க்கும் அனுப்பியிருந்தார்.

ஆரம்பத்தில் வெண்ணிலா போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தாள். ராஜா வாள் சுழற்றினார், குதிரையை அடக்கினார், தொண்டை கிழியப் பாடினார். அவள் தலை நிமிரவே இல்லை. தங்கவேல்தான் பாவம், இரண்டு பேருக்கும் சேர்த்து ரசித்துக்கொண்டிருந்தார்.

ராஜா போருக்குக் கிளம்பும் காட்சி வந்தது. கல்யாணமாகியும் முகம் பார்த்துக்கொள்ளாத ஜோடி அது. நடுவே ஒரு திரை. இந்தப் பக்கம் ராஜா, அந்தப் பக்கம் ராணி. ராஜா கையை உயர்த்தி ஒரு வரி பாடினார். அடுத்த வரி வரவில்லை. ஆர்மோனியக்காரர் அதே மெட்டை மறுபடி வாசித்தார், மறுபடியும் வாசித்தார். ராஜா திருதிருவென்று முழித்தார்.

போச்சுடா, இந்த வரனும் போச்சு என்று தங்கவேல் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ராணி, “போர்முனைக்குப் போய்வருகிறேன் என்றுதானே சொல்ல வந்தீர் நாதா? அதைச் சொல்ல நாவும் எழவில்லையோ?” என்று உருகிப் பாட, கூட்டம் விசிலடித்தது. ராஜாவுக்கு உயிர் வந்தது. விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மீசையை வேறு முறுக்கினார்.

வெண்ணிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்தபோது சிரிப்பு அடங்கி, முகம் சிவந்திருந்தது.

மாப்பிள்ளை தடுமாறியதுகூட மகளுக்குப் பிடித்துப்போயிற்றே என்று தங்கவேல் பூரித்துப்போனார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி தையலம்மாளுக்குக் கண்ஜாடை காட்டினார். அவள் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கேசரிக்கு ரவை வறுக்கப் போனாள்.

“இன்னாம்மா, புடிச்சிருக்கா?”

வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். “இப்படி ஒரு ஆளத்தாம்ப்பா நான் தேடிக்கினு இருந்தேன்.”

அதற்குமேல் அவர் அங்கே நிற்பாரா? வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று வாசலுக்கு ஓடி உலகநாதனுக்கு போன் போட்டார். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது, ஆவணியில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வதற்குள் சந்தோஷத்தில் அவருக்கு நாக்குக் குழறியது. அந்தப் பக்கம் உலகநாதன் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

பின்னாலேயே ஓடி வந்த வெண்ணிலா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னாள்.

“அந்த ராணி வேஷம் கட்டுன பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளுப்பா.”