வீட்டுக்கொடி

கூடலூரில் மொக்கம்மாளின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே, டெல்லித் திட்டத்தோடு வந்திருக்கும் அதிகாரி டேப்லட்டை நீட்டியபடி நிற்கிறார். இலைச் சந்துகளில் இறங்கும் வெயில் திரையில் விழுந்து படத்தை அழிக்கிறது. தோளைத் திருப்பி அதற்கு நிழல் கொடுக்கிறார். படத்தில், திட்டம் முடிந்த பிறகான பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. “சமச்சீரான வளர்ச்சிம்மா. நிலம், தண்ணி எதுவும் கெடாது, வருமானமும் வரும்.” அவள் மகன் விஜய்பாண்டி படத்தைப் பார்க்கவில்லை. வாய்க்கால் ஓரம் புதிதாக நட்டிருக்கும் மஞ்சள் கல்லையே பார்க்கிறான். எதுக்கென்று அவன் கேட்டதற்கு, “சும்மா அளவுக்கு” என்றுதான் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று மொக்கம்மாள் ஒரு கொத்தை அறுத்துக் கொடுக்கிறாள். அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். பழத்தின் மேல் பூச்சிமருந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. விரலால் தேய்த்து, முகர்ந்து, சிரிக்கிறார். “முதல்ல நீங்க ஒண்ணு சாப்பிடுங்கம்மா.” அவள் பந்தலின் மூலைக்குப் போய், அங்கே தனியாக நிற்கும் கொடியில் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொள்கிறாள்.

“அது ஏன் அங்க?”

“அது வீட்டுக்கொடி சார். பிள்ளைக திங்கிறது. மருந்து அடிக்க மாட்டோம்.”

“அப்ப இது?”

“அது யாவாரத்துக்கு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

“அதானே பார்த்தேன்” என்று அதிகாரி கொத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். வாங்கியவள் திரையைக் கூர்ந்து பார்க்கிறாள்.

“நீங்க காட்டுறீகளே சார், இந்தப் பச்சை. இது வீட்டுக்கொடியா, யாவாரத்துக்கா?”

வெயில் மறுபடி திரையில் விழுகிறது. இந்தத் தடவை அவர் தோளைத் திருப்பவில்லை.