நீலப் பெட்டி

"அந்த ஸ்கூலுக்கா போறீங்க? போன டீச்சர் அழுதுகினே மலையெறங்கிட்டாங்க!" என்றார் வெள்ளிமலை பஸ் கண்டக்டர்.

தற்காலிக ஆசிரியை செந்தமிழ்ச்செல்விக்கு அன்றுதான் முதல் நாள்.

ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்து, கையிலிருந்த நீலப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். என்னவோ திட்டம் போட்டிருக்கிறார்கள்!

"ஏ... ஏன் யாருமே பேசல?"

முதல் பெஞ்ச் அபிநயா எழுந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"அந்த நீலப் பெட்டி ஊசிய எனக்கு மொதல்ல போட்டுடுங்க நர்சக்கா. மெதுவா போடுங்க!"

செந்தமிழ்ச்செல்விக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. புளிச்சோறு இருந்த பெட்டியின் மூடிமேல் கையை வைத்தாள்.

"ஏழாம் வாய்ப்பாடு தப்பில்லாம சொல்றவங்களுக்கு ஊசி கிடையாது."