செம்மணலில் நாற்பது துகள்

"கெடைச்சிட்டு மேடம்! நாப்பதாவது!"

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கிங்ஸ்டன் கத்தினான். பேராசிரியை ஈவாஞ்சலின் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் கனிம ஆய்வகம் அது.

"எங்கலே? காட்டு."

"இந்தா, ஊசி முனைக்கு நேரா பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். தட்டு முழுக்க, கடலோர ஊரான மணப்பாட்டுக்கு மேற்கே தேரி மணல்மேட்டில் அள்ளிய செம்மணல். ஊசி காட்டிய துகளும் சிவப்பு. அதை ஒட்டிக் கிடந்த, இந்த மணலில் மலிந்த கார்னெட் கல்லும் அதே சிவப்பு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு இழவும் தெரியவில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் இந்த மணலில் ஒரே ஒரு துகள் தற்செயலாக அவரிடம் சிக்கியது. அதில் யுரேனியம் இருந்தது. ஆனால் உலகத்தில் இதுவரை பெயர் வைத்த எந்தக் கனிமத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. மகிழ்ச்சியில் துள்ளுவதற்குள் சோதனையிலேயே அது பொடிந்து போனது. புதுக் கனிமம் என்று நிரூபிக்க இன்னும் நாற்பது துகளாவது வேண்டும். கதிர்வீச்சுக் கருவியை வைத்துத் தேடலாம் என்றால், தோரியம் கலந்த இந்தக் கடற்கரை மணலில் அதை எங்கே வைத்தாலும் கத்தும். கண்ணால் பொறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஹைதராபாத்திலிருந்து வந்த ஆய்வு மாணவர்கள் மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு துகள் பொறுக்கினார்கள். இரண்டுமே கார்னெட். ஆய்வகத்தில் குப்பி கழுவும் வேலைக்கு வந்த முப்பது வயதுக் கிங்ஸ்டன்தான், "நானும் ஒரு தடவ பாக்கட்டா மேடம்?" என்று கேட்டு உட்கார்ந்தான். ஒரே மாதத்தில் நாற்பது!

"ஒனக்கு எப்படில தெரியுது?"

"அது தனியா கெடக்கு மேடம். ஒங்களுக்குத் தெரியலையா?"

"முத்துக்குளிச்ச பரம்பரைலா! கடலுக்குள்ள கிடந்த முத்தையே விடாத கண்ணு, தேரி மணலை விடுமா?"

கிங்ஸ்டன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"ஆமா, ஒன் அண்ணன்மாரு மூணு பேரும் கப்பல்ல இருக்காவள்லா? நீ மட்டும் ஏன் போன வேகத்துல திரும்பி வந்துட்ட?"

"கடல் ஒத்துக்கிடல மேடம்."

"மணப்பாட்டுக்காரனுக்குக் கடல் ஒத்துக்கிடலையா! வெளிய சொல்லிராத, சிரிப்பாவ."

அவன் ஊசியைத் துடைத்து வைத்தான்.

நாற்பது துகளும் சோதனைக்கு ஹைதராபாத்துக்குப் போயின. மூன்றாவது வாரம் முடிவு வந்தது. நாற்பதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அணுக்கள் அடுக்கப்பட்டிருந்த விதம் எந்தப் பட்டியலிலும் இல்லாதது.

பூமி உண்டான நாளிலிருந்து யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு பொருள், எல்லாரும் செருப்புக் காலோடு மிதித்துப் போன மணலில் கிடந்திருக்கிறது. "ஆண்டவரே!" என்றார் ஈவாஞ்சலின் வாய்விட்டு.

கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்றும் இதையே கண்டுபிடித்துவிட்டதாம். அவர்கள் முந்திக்கொண்டால் பதினோரு வருடமும் வீண். இன்றைக்கே படிவத்தை உலகக் கனிமக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும்.

"வாலே கிங்ஸ்டன், இங்கன உக்காரு. நீ சொல்லு, நான் டைப் அடிக்கேன்."

"நானா மேடம்? எங்கம்மா வேற, யுரேனியம்னா வெடிச்சிராதாலேன்னு கேட்டுக்கிட்டு இருக்கா."

"ஒங்கம்மா அல்போன்சா அக்காட்ட நான் பேசிக்கிடுதேன். மணலுக்குள்ள இதை அடையாளம் கண்டது ஒன் கண்ணு. நீதான் சொல்லணும். பேரு?"

"மணப்பாடைட்னு வைக்கலாமா?"

"வச்சாச்சு. வடிவம்?"

"ஊசி மாதிரி. ரெண்டு முனையும் சப்பையா இருக்கும்."

"பளபளப்பு?"

"எண்ணெ தடவுன மாதிரி. உள்ளுக்குள்ள ஒரு மினுக்கம் இருக்கும் மேடம், ஊசியைத் திருப்புனா அது நகரும்."

ஈவாஞ்சலின் விரல்கள் நின்றன. இருபத்தைந்து வருடமாகக் கனிமம் பார்க்கிற அவருக்கு அந்த மினுக்கம் ஒருநாளும் தட்டுப்பட்டதில்லை. இவன் அதன் உள்ளுக்குள்ளேயே போய் வந்தவன்போலப் பேசுகிறானே என்று வியந்துபோனார்.

"நிறம்?"

கிங்ஸ்டன் மேசையிலிருந்த ஊசியை எடுத்து மறுபடி துடைத்தான்.

"நிறம்லே, கிங்ஸ்டன்."

"அதை மட்டும் நீங்க போட்டுக்கிடுங்க மேடம்."

"நான் பாத்தா கார்னெட்டு மாதிரிதான் இருக்கு. நீதான நுணுக்கமா பாத்தவன். செங்கல் செவப்பா, மாதுளைச் செவப்பா, ரத்தச் செவப்பா?"

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். துறைமுகத்தில் ஒரு கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது.

"மணி மூணரை ஆச்சுலே. இந்த ஒரு கட்டத்தால எல்லாம் போயிரக் கூடாது. சொல்லு!"

கிங்ஸ்டன் திரும்பாமலே பேசினான்.

"கப்பல் வேலைக்கு மெடிக்கல் போனப்ப, கப்பல் ஓரத்துல மாட்டுத பச்ச லைட்டையும் செவப்பு லைட்டையும் காட்டி எது எதுன்னு கேட்டாவ. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டாவ. ஊருக்குள்ள கடல் ஒத்துக்கிடலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஈவாஞ்சலின் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். கிங்ஸ்டன் கூச்சத்தோடு திரும்பினான்.

"நீங்க எல்லாரும் அந்தச் செவப்பைப் பாத்து ஏமாந்து போனிய. எனக்கு ஏமாறுததுக்கு அந்தச் செவப்பே இல்லையே மேடம்!"