துளைப் பக்கம்

டமார்.

காற்றுச் சுரங்கத்தில் அழுத்தக் காற்றை அடைத்து வைத்திருந்த தகடு, கிழிய வேண்டிய நொடியில் கிழிந்த சத்தம் சுவரைத் தாண்டி வந்து அவள் நெஞ்சில் முட்டியது. கண் இமைக்கக்கூட நேரமில்லை. அதற்குள் ஒலியைவிட ஏழு மடங்கு வேகத்தில் காற்று அந்த எஃகுக் கூம்பைக் கடந்து போய்விட்டது.

திரையில் கூம்பின் வெப்பப் படம் வந்தது.

கூம்பின் ஒரு பாதி வழவழப்பு. மறு பாதி முழுக்கத் தலைமுடியைவிட மெல்லிய துளைகள்.

அந்த வேகத்தில் காற்று கொஞ்ச தூரம் ஒழுங்காக வழுக்கிப் போகும். பிறகு தடுமாறும், கொந்தளிக்கும். கொந்தளித்த இடம் கொதிக்கும். காற்றின் முதல் நடுக்கத்தைத் துளைகள் விழுங்கிவிட்டால் கொந்தளிப்பு தள்ளிப்போகும் என்பது அவள் கணக்கு. அவளுடைய இளமையெல்லாம் அந்தக் கணக்கில்தான் போயிருந்தது.

இரண்டு பாதியும் ஒரே இடத்தில் சிவந்தன.

துளைகள் எதையும் தள்ளிப்போடவில்லை.

மதிப்பீட்டுக் குழுத் தலைவர் சேஷகிரி கண்ணாடியைக் கழற்றினார். டெல்லியிலிருந்து வந்தவர். அவர் சரி என்றால் திட்டம் நிலைக்கும். இல்லையென்றால் இன்றோடு மூடல். நாளை முதல் சுரங்கம் வேறு அணிக்கு. காகிதத்தில் இந்தத் துளைகள் அருமையாகத்தான் இருந்தன என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

கூம்பைக் கழற்றிவிட்டு வருகிறேன் என்று அவள் எழுந்தாள். ஆறுதலுக்காக அவரும் கூட வந்தார்.

சுரங்கத்தின் கதவைத் திறந்தாள்.

சந்தனம் மணத்தது.

இளஞ்சூடான எஃகிலிருந்து, கல்யாண வீட்டு வாசலில் போல.

நேற்று ஆயுத பூஜை. சுரங்கத்துக்குப் பொட்டு, கணினிக்குப் பொட்டு, ஸ்பானர் பெட்டிக்கும் பொட்டு. கூம்புக்கு மட்டும் வேண்டாமே என்று அவள் வாயெடுப்பதற்குள், சிறப்பு விருந்தினரான சேஷகிரி கிண்ணத்தில் கைவிட்டு, குழந்தைக்கு எண்ணெய் தடவுவதுபோல் உச்சி முதல் அடி வரை வாரிப் பூசிவிட்டார். இனி மூக்குத்தி ஒன்றுதான் பாக்கி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் அவளே ஈரத்துணியால் துடைத்தாள். கூம்பு பளபளவென்று ஆகிவிட்டது.

வழவழப்பான பக்கத்தில் சந்தனம் துணியோடு போயிருக்கிறது. துளைப் பக்கத்தில் உள்ளே போய்த் துளைகளை அடைத்திருக்கிறது.

அவள் துளைப் பக்கத்தை நகத்தால் அழுத்திக் கீறினாள். நகக்கண்ணில் மஞ்சள்.

விரலை அவர் முன்னால் நீட்டினாள். கூம்பை நன்றாகக் கழுவி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தால் போதும் என்றாள். ஏன் இன்னொரு முறை என்று குழு கேட்கும். காரணத்தைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சேஷகிரி குனிந்து முகர்ந்தார்.

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, உடனே போனது.

பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நாலாய் மடித்தது. அதை அவளிடம் கொடுத்தார்.

“தொடச்சுக்கோம்மா. வாசனையை எல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாது.”