சர்ச் பூவும் மேட்டுப் பூவும்

மிசௌரியில் வெர்னாவுக்குச் சொந்தமான பாறைமேட்டில் பூக்களைக் கணக்கெடுக்க அனுமதி கேட்டு வந்திருந்தான் கல்லூரி மாணவன் டுவைட். அது கிடைக்காவிட்டால் அவன் ஆராய்ச்சி நின்றுவிடும்.

வெர்னா இரண்டு ஊதா கூம்புப்பூக்களை நீட்டினாள். "இது சர்ச் புல்வெளியில பறிச்சது, இது என் மேட்டுல. ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?"

"இல்ல மேடம், வேற வேற இனம். மகரந்தத்தைத் தொட்டுப் பாருங்க. சர்ச் பூவுல வெள்ளை, மேட்டுப் பூவுல மஞ்சள்."

"சர்ச் பக்கம் மஞ்சளே கிடையாதா?"

"ஒண்ணுகூட இல்ல மேடம்!" என்றான் பெருமையாக.

"அப்போ நேத்து சர்ச்ல பாட்டுப் பயிற்சின்னு போன என் பொண்ணு மூக்குல மஞ்சள் ஒட்டியிருந்துச்சே, எப்படி?"

டுவைட்டின் காதுகள் சிவந்தன.

"அனுமதி தரேன், நாளைக்கு மேட்டுக்கு வா," என்றாள் வெர்னா. "பூவை எண்ண நானும் கூட வரேன்."