அறுபதாவது விவசாயி

நிலத்தடி நீர் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காகக் குந்தவை ஒரு கிராமத்தில் ஐம்பத்தொன்பது விவசாயிகளைப் பேட்டி கண்டாள். வேண்டியது அறுபது. டவுன் பஸ்ஸில் திரும்பும்போது கடைசிப் படிவத்தைக் கற்பனையாக நிரப்பினாள். துரைக்கண்ணு, வயது ஐம்பத்திரண்டு, மூன்று மா நிலம், போர் வற்றிவிட்டது. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்துக்கு வருவதற்குள் கும்பகோணம் வந்துவிட்டது.

கட்டுரை வெளியானதும் ஐம்பத்தொன்பது பிரதிகளோடு அந்த ஊருக்குப் போனாள். எல்லாவற்றையும் கொடுத்து முடித்தபோது வரப்பில் ஒருவர் வந்தார்.

“நான் துரைக்கண்ணுங்க. எனக்கு இல்லையா?”

அவருக்குப் பின்னால், சுற்றிலும் பச்சை நடவுக்கு நடுவே, மூன்று மா மட்டும் வெடித்துக் கிடந்தது.

“தண்ணி இல்லாட்டி போவுது,” என்றார். “வீட்ல எத்தன பேருன்னு எழுதாம விட்டுட்டீங்களேம்மா. போய்ப் பாத்தா யாருமே இல்ல.”